அடுப்பு வேண்டாத பழ, சீஸ் குச்சி: திருகோணமலை வெயிலில் விருந்து வைப்போருக்கு

திருகோணமலையில் ஒரு பிறந்தநாள் வீட்டுக்குப் போனால் தட்டில் என்ன வரும் என்பது போகும்போதே தெரியும். கேக் ஒரு துண்டு, றோல்ஸ் ஒன்று, பற்றிஸ் ஒன்று, ஒரு பிடி மிக்சர், கையில் நிறமூட்டிய சோடா. உவர்மலையானாலும் கிண்ணியாவானாலும் மூதூரானாலும் இதில் பெரிய வித்தியாசம் இல்லை. எண்ணெயில் பொரித்த மா, அதன் மேல் சீனி, பிறகு மறுபடியும் சீனி. இந்தத் தட்டில் ஒரு மூலையையாவது பழத்துக்கு ஒதுக்குங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். பழத்துண்டுகளுக்கு நடுவே சீஸ் கட்டிகளைக் கோத்துக் குச்சியில் கொடுப்பது அதற்கு மிக இலகுவான வழி. தட்டில் வெட்டி வைத்த பழத்தைத் தொடாத பிள்ளைகூட குச்சியில் கோத்துக் கொடுத்தால் எடுத்துத் தின்னும்.

இதற்கு அடுப்பு வேண்டாம், எண்ணெய் வேண்டாம், சமைக்கத் தெரிந்திருக்கவும் வேண்டாம். ஆனால் அடுப்பேறாத உணவுக்கு ஒரு நிபந்தனை உண்டு. கொதிக்கும் எண்ணெயில் மூழ்கி எழும் றோல்ஸில் கிருமிகள் அநேகமாக அழிந்துவிடும். பழத்துக்கும் சீஸுக்கும் அந்த வாய்ப்பு இல்லை. நெருப்பு செய்யும் வேலையைக் கழுவும் நீரும், வெட்டும் கத்தியும், குளிரும், கடிகாரமும்தான் செய்ய வேண்டும். மே தொடக்கம் ஓகஸ்ட் வரை கச்சான் காற்று அனலாக வீசும் எங்கள் மாவட்டத்தில் இந்த நான்கில் ஒன்று தவறினாலும் விருந்து வைத்தியசாலையில் முடியலாம்.

தட்டில் பழம் ஏன் வேண்டும்

இலங்கையில் நிகழும் மரணங்களில் பத்துக்கு எட்டுக்கு மேற்பட்டவை தொற்றா நோய்களால் வருபவை என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட நாட்டு விவரக்கோவை சொல்கிறது. மாரடைப்பு, பக்கவாதம், நீரிழிவு, புற்றுநோய் எல்லாம் இந்தக் கணக்கில் அடங்கும். 2005, 2006 ஆண்டுகளில் நடந்த ஆய்வொன்று, வயது வந்தவர்களில் 10.3 சதவீதமானோருக்கு நீரிழிவு இருப்பதைக் கண்டது. போர்க்காலமாதலால் வடக்கும் கிழக்கும் அந்த ஆய்வில் சேரவில்லை. ஆனால் எங்கள் கிளினிக்குகளில் காலையில் நிற்கும் வரிசையைப் பார்த்தவர்களுக்கு, கிழக்கில் நிலைமை மேலாக இருக்கும் என்று நம்ப எந்தக் காரணமும் கிடைக்காது.

ஒரு நாளைக்குக் குறைந்தது 400 கிராம் பழமும் மரக்கறியும் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. சேர்க்கப்பட்ட சீனியைப் பற்றி அது சொல்வது இன்னும் கண்டிப்பானது. வயது வந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் நின்றால் நல்லது என்கிறது. 100 மில்லிலீற்றரில் 10 கிராம் சீனி உள்ள சோடாவை ஒரு கோப்பை, அதாவது 200 மில்லிலீற்றர், குடித்தால் 20 கிராம் சீனி உள்ளே போய்விடும். அதன் பிறகுதான் கேக் வருகிறது. சோடாப் போத்தல்களில் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை அடையாளம் 2016ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. பிள்ளைகளின் விருந்துக்கு வாங்கும்போது அதைப் பார்க்கிறவர்கள் எத்தனை பேர்?

முழுப்பழத்தில் இயற்கையாக இருக்கும் இனிப்பு அந்த 25 கிராம் கணக்கில் சேராது. பழத்தோடு நார்ச்சத்தும் நீரும் சேர்ந்து வருகின்றன. கூடவே சீஸில் உள்ள புரதமும் கொழுப்பும் சேரும்போது வயிறு விரைவில் நிறையும், இனிப்பு இரத்தத்தில் ஏறும் வேகமும் குறையும்.

எந்தப் பழம் குச்சியில் நிற்கும்

விலை உயர்ந்த ஸ்ட்ரோபெரியைத் தேட வேண்டிய தேவையே இல்லை. சந்தையில் கிடைப்பவற்றில் குச்சிக்கு முதலிடம் பப்பாசிக்கு. முக்கால் பதம் பழுத்ததாகப் பார்த்து வாங்குங்கள். கையால் அழுத்தினால் குழியும் பழம் கோக்கும்போதே கிழிந்துவிடும். கொய்யா பலரும் நினைக்காத பழம். 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் விற்றமின் சி இருக்கிறது. தோடம்பழத்தில் இருப்பதைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. கொஞ்சம் காய்ப்பதமான கொய்யாவின் துவர்ப்புக்கும் சீஸின் உப்புக்கும் நல்ல பொருத்தம். வத்தகப்பழம் தாகத்துக்கு நல்லது, பத்தில் ஒன்பது பங்கு நீர். ஆனால் நீர் கசிந்து பக்கத்துத் துண்டை நனைத்துவிடும் என்பதால் அதைக் குச்சியின் அடியில் கோத்து, கடைசி நேரத்தில் சேர்க்க வேண்டும். மாம்பழம் கிடைக்கும் மாதங்களில் சதைப்பற்றான விலாட் சரிவரும். கறுத்தக்கொழும்பானை விருந்துக்கு வெட்டுவதைவிடத் தனியே இருந்து சாப்பிடுவதே அதற்குச் செய்யும் மரியாதை. வாழைப்பழமும் ஆப்பிளும் வெட்டியவுடன் கறுக்கும். சில துளி தேசிப்புளி தடவினால் கொஞ்ச நேரம் தாங்கும்.

ஆனி, ஆடி மாதங்களில் காட்டிலிருந்து வரும் பாலைப்பழத்தைப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்த விருந்தைவிட நல்ல தருணம் இல்லை. அதன் பால் பிசுபிசுப்பதால் குச்சியில் கோக்க முடியாது. நன்றாகக் கழுவி ஒரு கிண்ணத்தில் பக்கத்தில் வைத்துவிடலாம்.

அன்னாசியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பல்குத்தியில் அன்னாசியும் சீஸும் குத்துவது 1970களில் இங்கிலாந்து வீட்டு விருந்துகளில் பரவியிருந்த பழக்கம். எங்கள் ஊர் விருந்துகளிலும் சொசேஜோடு சேர்ந்து அது வரும். சுவைப் பொருத்தம் அருமை. ஆனால் பச்சை அன்னாசியில் புரோமலெயின் என்ற நொதியம் உண்டு. அது பாலின் புரதத்தை உடைக்கும். அன்னாசித் துண்டோடு ஒட்டியிருக்கும் சீஸ் நேரம் போகப் போக மேற்பரப்பில் இளகும், கசப்பும் தட்டும். பப்பாசியிலும் இதேபோன்ற பப்பெயின் இருக்கிறது. காயில் மிகுதி, பழுக்கப் பழுக்கக் குறையும். எனவே அன்னாசிக்கும் சீஸுக்கும் நடுவே ஒரு திராட்சையோ கொய்யாத் துண்டோ வரும்படி கோத்துவிடுங்கள். தகரத்தில் அடைத்த அன்னாசியில் இந்தத் தொல்லை இல்லை, சூடாக்கும்போதே நொதியம் செயலிழந்துவிடும். ஆனால் அது சீனிப்பாகில் ஊறியது. பச்சை அன்னாசியே மேல்.

சீஸ் வாங்கும்போது

பிரிட்ஜில் வைத்து விற்கும் செடார் கட்டி, முக்கோணமாகப் பொதி செய்த மெதுவான சீஸ், மத்திய கிழக்கிலிருந்து வருபவர்கள் கொண்டுவரும் டின் சீஸ் என்று எங்கள் மாவட்டத்தில் மூன்று விதமும் புழங்குகின்றன. குச்சிக்கு முதலாவதுதான் பொருத்தம். கட்டியாக நிற்கும், உப்பும் ஒப்பீட்டளவில் குறைவு. 30 கிராம் செடாரில் சுமார் 200 மில்லிகிராம் கல்சியமும் 7 கிராம் புரதமும் இருக்கும். சோடியமும் 200 மில்லிகிராம் அளவில் இருக்கும். பதப்படுத்திய சீஸ் வகைகளில், அவற்றை மிருதுவாக்கச் சேர்க்கும் உப்புகளால், இந்தச் சோடியம் இரண்டு மடங்குக்கும் போகலாம். ஒரு நாளைக்கு மொத்தமே 2000 மில்லிகிராம் சோடியம் போதும் என்பது பரிந்துரை. கருவாடும் ஊறுகாயும் சேர்த்துச் சாப்பிடும் எங்களுக்கு அந்த எல்லை காலையிலேயே நெருங்கிவிடும். ஆகவே ஒருவருக்கு 30 கிராமுக்கு மேல் சீஸ் வேண்டாம். பழத்தின் மேல் உப்பும் மிளகாய்த்தூளும் தூவும் பழக்கத்தையும் இந்தக் குச்சியில் விட்டுவிடுங்கள். மிளகுத்தூள் போதும்.

பால் குடித்தால் வயிறு ஊதும் என்பவர்கள் சீஸைக் கண்டு பயப்படத் தேவையில்லை. செடார் போன்ற முற்றிய சீஸில் லக்டோஸ் மிகக் குறைவு. பாலைத் திரைக்கப் பயன்படும் ரெனட் விலங்கிலிருந்தும் வரலாம், நுண்ணுயிரிலிருந்தும் வரலாம். முஸ்லிம் அயலவரும் மரக்கறி மட்டும் உண்போரும் வரும் விருந்தானால் பொதியில் ஹலால் அடையாளத்தையும் உள்ளடக்கப் பட்டியலையும் பார்த்து வாங்குங்கள். சொசேஜைத் தனித் தட்டில் வையுங்கள்.

சீஸின் விலை கட்டாது என்றால் எருமைத் தயிர் இருக்கிறது. தம்பலகாமம், கிண்ணியா, மூதூர்ப் பக்கத்திலிருந்து சட்டியில் வரும் தயிரைச் சுத்தமான மெல்லிய துணியில் கட்டி, வடிதட்டில் வைத்து, இரவு முழுவதும் பிரிட்ஜில் விட்டால் தண்ணீர் இறங்கிக் கெட்டியாகிவிடும். அதில் மிளகும் தேசிக்காய்த் தோல் துருவலும் கலந்து சிறு கிண்ணங்களில் வைத்தால் பழக்குச்சியைத் தொட்டுச் சாப்பிடலாம். உப்பு ஏறக்குறைய இல்லை. என் தெரிவு இதுதான்.

20 பேருக்கு ஓர் அளவு

ஆளுக்கு இரண்டு குச்சி என்றால் 40 குச்சி. ஒவ்வொன்றிலும் ஒன்றரை சென்ரிமீற்றர் சதுரமான சீஸ் இரண்டு துண்டு கோத்தால் 300 கிராம் சீஸ் போதும். ஆளுக்கு 15 கிராம்தான் வரும். ஒரு கிலோவுக்கு மேற்பட்ட ஒரு பப்பாசி, நடுத்தரமான ஓர் அன்னாசி, 400 கிராம் விதையில்லாத் திராட்சை, நான்கு கொய்யா. கையிருப்பைப் பொறுத்து மாற்றிக்கொள்ளலாம். பழத்தை முதல்நாள் கழுவித் துடைத்து முழுதாகவே பிரிட்ஜில் வையுங்கள். விருந்தன்று இரண்டு மணி நேரத்துக்கு முன் வெட்டி, மூடிய பாத்திரங்களில் மறுபடியும் குளிரில் வையுங்கள். சீஸைக் கடைசியில் வெட்டுங்கள். குளிர்ந்திருக்கும்போது வெட்டினால் உதிராது. பரிமாற அரை மணி நேரம் இருக்கும்போது கோத்தால் போதும். கொய்யா, சீஸ், திராட்சை, அன்னாசி, மறுபடி திராட்சை, சீஸ், கடைசியில் பப்பாசி என்று கோத்தால் அன்னாசி எந்தப் பக்கத்திலும் சீஸைத் தொடாது. மூங்கில் குச்சி இல்லாவிட்டால் முற்றிய தென்னை ஈர்க்கை நன்றாகக் கழுவி, கொதிநீரில் போட்டு எடுத்துப் பயன்படுத்தலாம்.

நெருப்பில்லாத இடத்தில் கிருமி

2011இல் அமெரிக்காவில் முலாம்பழம் தின்ற 147 பேருக்கு லிஸ்டீரியாத் தொற்று ஏற்பட்டு 33 பேர் இறந்தார்கள். பழம் கொலராடோவின் ஒரே பண்ணையிலிருந்து வந்தது. கழுவிப் பொதி செய்யும் இடத்தில் தேங்கிய நீரும் சுத்தம் செய்யக் கடினமான இயந்திரமும் இருந்ததை விசாரணை காட்டியது. பழத்தின் சதை அல்ல, தோல்தான் கிருமியைச் சுமக்கும். கழுவாத தோலின் மேல் கத்தி இறங்கும்போது அது சதைக்குள் போகிறது. உரித்து எறியப்போகும் தோலை ஏன் கழுவ வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இந்த 33 மரணங்கள்தான் பதில். வத்தகப்பழம், பப்பாசி, அன்னாசி எதுவானாலும் ஓடும் நீரில் தேய்த்துக் கழுவிய பிறகே வெட்டுங்கள். கிணற்று நீர் பாவிக்கும் வீடுகளில் கடைசி அலசல் கொதித்தாறிய நீரில் இருக்கட்டும். சவர்க்காரம் வேண்டாம்.

எல்லாப் பழமும் ஒரே அளவில் ஆபத்தானவை அல்ல. அன்னாசியும் திராட்சையும் புளித்தன்மை உள்ளவை, பெரும்பாலான கிருமிகள் அவற்றில் பெருகத் திணறும். வத்தகப்பழத்திலும் பப்பாசியிலும் புளிப்பு இல்லை. வெட்டி வெயிலில் வைத்தால் கிருமிக்கு அவை நல்ல விளைநிலம்.

வெட்டும் பலகையைப் பற்றி எங்களுக்குத் தனியாகவே சொல்ல வேண்டும். கடலோர வீட்டில் தினமும் மீன் வெட்டும் பலகையும் கத்தியும் ஒன்றே. காலையில் பாரை வெட்டிய பலகையில் மாலையில் பழம் வெட்டினால், கறி கொதித்தபோது செத்துப்போன கிருமிகளின் உடன்பிறப்புகள் பழத்தோடு நேரே வாய்க்குள் போகும். பழத்துக்கென்று ஒரு பலகையும் ஒரு கத்தியும் தனியே வாங்கிவிடுங்கள். விருந்துச் செலவில் அது மிகச் சிறிய செலவு.

இனிக் கடிகாரம். வெட்டிய பழத்தையும் சீஸையும் 5 பாகை செல்சியஸுக்குக் கீழே வைக்க வேண்டும். குளிரிலிருந்து வெளியே எடுத்தால் இரண்டு மணி நேரம் என்பது பொதுவான எல்லை. வெப்பம் 32 பாகையைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். கச்சான் காலத்தில் எங்கள் பகல் அந்த எல்லையைச் சாதாரணமாகத் தாண்டும். டச் பே கடற்கரையில் மாலை விருந்து வைப்பவர்கள் எல்லாக் குச்சிகளையும் ஒரே தட்டில் பரப்பி வைக்காதீர்கள். பத்துப் பத்தாக எடுங்கள், மீதி பெட்டிக்குள் இருக்கட்டும். தட்டின் மேல் வலை மூடி ஒன்று கட்டாயம். மீன் இறங்கும் கரையில் அமர்ந்த இலையான் தட்டுக்கு வர அதிக நேரம் எடுக்காது.

மீன் ஐஸை உணவுக்கு எடுக்காதீர்கள்

கொட்பே மீன்பிடித் துறைமுகம் உள்ள ஊரில் ஐஸுக்குப் பஞ்சமில்லை. அதுவே ஆபத்து. மீனைப் பழுதாகாமல் வைக்க வாங்கும் ஐஸ் கட்டி குடிநீரில்தான் செய்யப்பட்டது என்று நம்பிவிட முடியாது. அது தரையில் இழுபட்டு, சாக்கில் சுற்றப்பட்டு வரும். அதைப் பழத்தின் மேலோ பானத்திலோ போடக்கூடாது. தட்டுக்கு அடியில் குளிருக்காக வைப்பதானாலும் உருகும் நீர் பழத்தைத் தொடாதபடி மூடிய பொலித்தீன் பையில் கட்டி வையுங்கள். மீன் ஏற்றிய ரெஜிபோம் பெட்டியை எவ்வளவு கழுவினாலும் பழம் வைக்கப் பயன்படுத்த வேண்டாம். அதன் நுண்துளைகளில் புகுந்தது கழுவலில் போகாது. சோடாப் போத்தல்களில் கொதித்தாறிய நீரை நிரப்பி முதல்நாளே உறையவைத்தால் நல்ல குளிர்கட்டி கிடைக்கும், உருகியதும் குடிக்கவும் உதவும்.

ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குக் குச்சி வேண்டாம்

முழுத் திராட்சை ஒரு சின்னப் பிள்ளையின் மூச்சுக்குழாயை அடைக்கச் சரியான அளவு. வழுவழுப்பாக இருப்பதால் உள்ளே வழுக்கிப் போகும், மென்மையாக இருப்பதால் இறுகப் பொருந்திக்கொள்ளும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் திராட்சையை நீளவாக்கில் நான்காகப் பிளந்தே கொடுக்க வேண்டும். சீஸைக் கட்டியாகக் கொடுக்காமல் மெல்லிய சீவலாகவும், கொய்யாவை விதை நீக்கிச் சிறிதாகவும் கிண்ணத்தில் இட்டு, இருந்து சாப்பிட வையுங்கள். குச்சியின் கூர் கண்ணிலோ தொண்டையிலோ குத்தலாம். குச்சியை வாயில் வைத்துக்கொண்டு ஓடுவது பெரிய பிள்ளைகளுக்கும் கூடாது. அவர்களுக்குக் கொடுக்கும் குச்சியின் நுனியைக் கோத்த பிறகு கத்தரிக்கோலால் நறுக்கிவிடுங்கள்.

ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு அடைத்துக்கொண்டு, இருமவோ அழவோ முடியாமல் போனால், முன்பக்கமாகக் குனியவைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையால் பலமாக ஐந்து தடவை தட்டுங்கள். வெளிவராவிட்டால் பின்னால் நின்று தொப்புளுக்குச் சற்று மேலே கைமுட்டியை வைத்து உள்நோக்கி மேலாக ஐந்து தடவை அழுத்துங்கள். மாறி மாறிச் செய்யுங்கள். இன்னொருவர் உடனே 1990 என்ற இலவச அம்புலன்ஸ் இலக்கத்தை அழைக்கட்டும். விரலை வாய்க்குள் விட்டுத் துழாவாதீர்கள், அது இன்னும் உள்ளே போய்விடும்.

விருந்தாளிகளில் சிலரை முன்பே கேளுங்கள்

காமரங்காயைக் குறுக்கே வெட்டினால் ஐந்து முனை நட்சத்திரம். குச்சி நுனியில் அதைவிட அழகு வேறில்லை, அதனால் பலருக்கும் ஆசை வரும். சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு அது நஞ்சு. பழத்தில் உள்ள ஒக்சலேற்றையும் கரம்பொக்சின் என்ற நரம்பு நஞ்சையும் நலமான சிறுநீரகம் வெளியேற்றிவிடும். பழுதுபட்டது வெளியேற்றாது. நிற்காத விக்கலில் தொடங்கி வாந்தி, மனக்குழப்பம், வலிப்பு, மரணம்வரை போகலாம். கரம்பொக்சினைப் பிரேசில் ஆய்வாளர்கள் 2013இல் அடையாளம் கண்டார்கள். சிறுநீரகம் நலமாக இருந்தவர்கள்கூட இதன் சாற்றை மிகுதியாகக் குடித்துப் பாதிக்கப்பட்டதை இலங்கை மருத்துவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். பதவிசிறிபுர போன்ற பகுதிகளில் நாட்பட்ட சிறுநீரக நோய் பரவலாக உள்ள மாவட்டம் இது. தனக்கு நோய் இருப்பதே தெரியாதவர்களும் உங்கள் விருந்துக்கு வரலாம். காமரங்காயை அடியோடு விட்டுவிடுங்கள். நோய் இருப்பது தெரிந்தவர்கள் பொட்டாசியம் மிகுந்த வாழைப்பழத்தையும், உப்பும் பொசுபரசும் மிகுந்த சீஸையும் மருத்துவரைக் கேட்டே சாப்பிட வேண்டும்.

காசநோய்க்கு ஐசோனியாசிட் மாத்திரை எடுப்பவர்களும் சீஸைத் தவிர்க்க வேண்டும். இந்த அறிவில் எங்கள் நாட்டுக்கு ஒரு பங்கு இருக்கிறது. அந்த மாத்திரை எடுத்தவர்கள் சூரை போன்ற மீனைத் தின்றபோது முகம் சிவந்து, தலையிடித்து, நெஞ்சு படபடத்ததை 1970களில் ஆராய்ந்து எழுதியவர் மருத்துவர் சி. ஜி. உரகொட. சீஸால் அதே விளைவு வந்த ஒரு நோயாளியைப் பற்றியும் 1979இல் வெளியான கட்டுரையில் அவர் எழுதியிருக்கிறார். இரண்டிலும் காரணம் ஹிஸ்டமின். அதை உடைக்கும் நொதியத்தை மாத்திரை தடுத்துவிடுகிறது. காசநோயை வெளியே சொல்ல மக்கள் தயங்குவார்கள். ஆகவே ஒருவர் சீஸ் வேண்டாம் என்று சொன்னால் வற்புறுத்தாதீர்கள். சீஸ் இல்லாத குச்சிகளும் சில தட்டில் இருக்கட்டும்.

கர்ப்பிணிகளுக்குப் பாஸ்சராக்கிய பாலில் செய்த கட்டியான சீஸ் தடையில்லை. ஆனால் அவர்களுக்கு அப்போது வெட்டிய பழமே வேண்டும், ஏனென்றால் லிஸ்டீரியா பிரிட்ஜ் குளிரிலும் மெல்லப் பெருகும், கருச்சிதைவு வரை கொண்டுபோகும். நீரிழிவு உள்ளவர்கள் ஓரிரு குச்சிகளைக் கேக்குக்குப் பதிலாக எடுக்கலாம். கேக்கோடு சேர்த்து எடுத்தால் பயன் இல்லை.

மிச்சமும் அதன் பிறகும்

வெளியில் ஒரு மணி நேரம் தாண்டிய குச்சிகளைப் பொதி கட்டி வீட்டுக்குக் கொடுத்து அனுப்பாதீர்கள். கொடுக்காமல் விடுவது மனத்துக்குக் கஷ்டம்தான், எங்கள் வழக்கம் அப்படி. கொடுத்தனுப்ப விரும்பினால் முழுப் பழமாகக் கொடுங்கள்.

விருந்துக்குப் பின் வயிற்றோட்டமோ வாந்தியோ வந்தால் ஜீவனி என்ற நீரிழப்பை ஈடுசெய்யும் உப்புக் கலவையைப் பொதியில் சொன்ன அளவு கொதித்தாறிய நீரில் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். மலத்தில் இரத்தம், கடும் காய்ச்சல், பிள்ளைக்குச் சிறுநீர் போகாமை, மயக்கம் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் காத்திராமல் வைத்தியசாலைக்குப் போங்கள். ஒரே விருந்தில் சாப்பிட்ட பலருக்கு நோய் வந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குச் சொல்லுங்கள். மீதி உணவைக் கொட்டாமல் மூடி, யாரும் எடுத்துத் தின்னாதபடி பிரிட்ஜில் வைத்துக் காட்டுங்கள். உணவு நஞ்சாதல் இலங்கையில் கட்டாயம் அறிவிக்கப்பட வேண்டிய நோய்களில் ஒன்று.